கார்ட் உண்டு, சாப்பாடு இல்லை

என்னை வேலைக்கு எடுத்தது கொம்பியூட்டருக்குப் புறோகிராம் எழுத. அங்கை நான் செய்த முதல் வேலை ரத்தம் கழுவினது.

காங்கேசன்துறைப் பக்கம் பிளாஸ்ரிக் குழாய் செய்யிற தொழிற்சாலை அது. இருநூறு பேர் வேலை. நான் சேர்ந்து மூண்டாம் நாள், அரைக்கிற மெசினுக்குள்ளை ஒருத்தரின்ரை கை போயிட்டுது. மூண்டு விரல். ஆளை வான் ஒண்டிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டு, மனேஜர் என்ரை அறை வாசலிலை வந்து நிண்டு, "பிள்ளை, நீர் இப்ப சும்மாதானே இருக்கிறீர், உந்த ரத்தத்தை ஒருக்காக் கழுவிவிடும், ஆக்கள் பாத்தால் வேலை செய்யமாட்டினம்" எண்டார். நான் சும்மா இருக்கேல்லை. ஸ்ரோரிலை கிடக்கிற சாமானைக் கணக்குப் பாக்க ஒரு புறோகிராம் எழுதிக்கொண்டிருந்தனான். யோசிக்கிறது அந்தாளுக்குச் சும்மா இருக்கிற மாதிரித் தெரிஞ்சுது. வாளியும் விளக்குமாறும் கொண்டு போய்க் கழுவினன். ஒரு விரல் மெசினுக்குக் கீழை கிடந்தது. அதைப் பேப்பரிலை சுத்தி மனேஜரின்ரை மேசையிலை வைச்சு, "உங்கடை சாமான்" எண்டன். மனிசன் அதிலேயே சத்தி எடுத்திட்டார். அதையும் நான்தான் கழுவினன்.

எனக்கு மூக்குக்கு மேலை கோபம் வரும். சின்னனிலை இருந்தே அப்பிடித்தான் எண்டு அம்மா சொல்லுவா. ஆனால் எண்பத்து மூண்டுக்குப் பிறகு அது வேறை மாதிரி. கொழும்பிலை ஒரு கொம்பனியிலை கொம்பியூட்டர் படிச்சு, அங்கையே இரண்டு வருசம் வேலையும் செய்தனான். அந்த யூலைக் கலவரத்திலை தமிழரைத் தேடித் தேடிக் கொல்லேக்கை நாங்கள் நாலு பேர் கந்தோர் மொட்டைமாடியிலை தண்ணித் தாங்கிக்குப் பின்னாலை ஒளிச்சிருந்தம். கீழை றோட்டிலை ஒரு மனிசனைக் காருக்குள்ளை வைச்சு எரிச்சினம். அந்தாள் கண்ணாடியிலை கையாலை அடிச்ச சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு கேக்கேல்லை. எங்களைக் கப்பலிலை ஏத்திக் காங்கேசன்துறையிலை கொண்டுவந்து இறக்கேக்கை, என்னட்டை உடுத்த உடுப்பும் பேசிக் எண்ட கொம்பியூட்டர் பாஷைக்கு ஒரு புத்தகமும்தான் இருந்தது. கோப்பாயிலை அம்மா வீட்டிலை இரண்டு மாதம் ஒருத்தரோடையும் கதைக்காமல் படுத்துக் கிடந்தன்.

பிறகுதான் இந்த வேலை வந்தது. கொழும்பிலை இருக்கிற தலைமைக் கந்தோர் ஒரு கொம்பியூட்டரை அனுப்பியிருந்தது. யாழ்ப்பாணத்திலை அதைத் தொடத் தெரிஞ்ச ஆக்களை அப்ப விரல் விட்டு எண்ணலாம். அதுக்குப் பூப்போட்ட துணி போத்து, பக்கத்திலை ஊதுபத்தி கொளுத்தி வைச்சிருந்தினம். சாம்பல் முழுக்க எழுத்துக் கட்டையளுக்குள்ளை.

புறோகிராம் எழுதத்தான் வந்தனான் எண்டு மனேஜருக்கு அம்பது தரம் சொல்லியிருப்பன். மனிசன் "ஓமோம்" எண்டு தலையாட்டிப்போட்டு அடுத்த வேலையைத் தலையிலை கட்டும். கொழும்புக்கு இங்கிலிசிலை காயிதம் எழுத நான். ரைப் அடிக்க நான். ஜெனறேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடக்கோ எண்டு பாக்க நான். தலைமைக் கந்தோர் ஆக்கள் வந்தால் தேத்தண்ணி ஊத்த நான். மனேஜரின்ரை மகன் லண்டனுக்குப் படிக்கப் போறதுக்கு விண்ணப்பம் நிரப்பினதும் நான்தான். அந்தக் குரங்குக்கு விஞ்ஞானத்திலை ஆர்வம் எண்டு இரண்டு பக்கம் புளுகினன். பொம்பிளை, இங்கிலிஸ் தெரியும், கதிரையிலை இருக்கிறாள், பிறகென்ன?

எல்லாத்திலும் பெரிய அரியண்டம் சிங்களம். ஆமி கேற்றுக்கு வந்தால் "மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வா" எண்டு ஆள் ஓடி வரும். எழுதிக்கொண்டிருக்கிற வரியை அரைவாசியிலை விட்டிட்டுப் போகவேணும். அவங்கள் கேக்கிறதைத் தமிழிலை சொல்லி, எங்கடை ஆக்கள் சொல்லுறதைச் சிங்களத்திலை சொல்லுறது. ஒருக்கா ஒரு லொறிக்காரர் அடையாள அட்டையை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டார். ஆமிக்காரன் என்னைக் கேள்வி கேக்கச் சொல்லிப்போட்டு, நான் வாய் திறக்க முதல் துவக்குப் பிடியாலை அந்த மனிசனின்ரை வாயிலை இடிச்சான். பல்லெல்லாம் கொட்டுண்டு போச்சுது. "கேள், கேள்" எண்டு என்னைப் பாத்துக் கத்துறான். எதைக் கேக்க? வாய் நிறைய ரத்தத்தோடை நிக்கிற மனிசனட்டை என்னத்தைக் கேக்க? திரும்பி வந்து, அரைவாசியிலை விட்ட வரியைப் பாத்தன். என்ன எழுத வந்தனான் எண்டதே மறந்து போச்சுது.

எண்பத்து நாலு ஆனியிலை மனேஜர் புதுசா ஒண்டு கொண்டுவந்தார். தொழிற்சாலை வாசல் சுவரிலை ஒரு மணிக்கூட்டுப் பெட்டி இருந்தது. வேலைக்கு வாறவை தங்கடை கார்ட்டை அதுக்குள்ளை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் நேரம் பதியும். கார்ட் அடிக்கிறது எண்டு சொல்லுவினம். ஒருத்தர் வராட்டில் கூட்டாளி அவருக்கும் சேர்த்து அடிச்சுவிடுவார். இதை அங்கை ஒருத்தரும் களவு எண்டு நினைக்கேல்லை. தோட்டக்காரருக்குத் தண்ணி முறை வரும், இன்னொருத்தருக்குச் செத்தவீடு வரும், மயிலிட்டி ஆக்களுக்குக் கடலிலை மீன் படும். இண்டைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. கடலுக்குப் போனவர் அடுத்த நாள் கார்ட் அடிச்சவருக்கு ஈர்க்கிலை கோத்த ஒரு கோர்வை சூடை மீன் கொண்டுவந்து குடுப்பார். எனக்கும் இரண்டு மூண்டு தரம் குடுத்திருக்கினம். நானும் பொரிச்சுத் திண்டிருக்கிறன்.

ஆரோ கொழும்புக்கு இதைப் பற்றிக் காயிதம் போட்டிட்டினம். "பிள்ளை, நாளையிலை இருந்து விடிய அஞ்சே முக்காலுக்கு நீர் உந்த மணிக்கூட்டடியிலை நிண்டு ஆர் ஆற்றை கார்ட்டை அடிக்கினம் எண்டு பாக்கவேணும். கார்ட் கணக்குக் கடைசியிலை கொம்பியூட்டருக்குள்ளைதானே போகுது, அப்ப அது உம்மடை வேலைதான்" எண்டார் மனேஜர். எனக்கு விசர் வந்திட்டுது. கையிலை இருந்த ஸ்ரப்ளரைச் சுவரிலை எறிஞ்சன். மனிசன் அதைக் குனிஞ்சு எடுத்து மேசையிலை வைச்சுப்போட்டு, "அஞ்சே முக்கால்" எண்டு திருப்பிச் சொன்னார்.

கோப்பாயிலை இருந்து சைக்கிளிலை நாலரைக்கு வெளிக்கிடவேணும். ஒரு கிழமை போனன். இரண்டாம் கிழமை ஒரு நாள், சந்தியிலை லைற் கம்பத்தோடை இயக்கப் பொடியள் ஒருத்தரைச் சுட்டுக் கட்டியிருந்தினம். நெத்தியிலை வெடி. கழுத்திலை ஒரு மட்டை தொங்குது, காட்டிக்குடுத்தவர் எண்டு எழுதி. எனக்குத் தெரிஞ்ச முகம். எங்கடை ஒழுங்கைக்குப் பால் கொண்டு வாறவர். சைக்கிளிலை ஏறேலாமல் உருட்டிக்கொண்டு போனன். அடுத்த சந்தியிலை ஆமி. இவ்வளவு வெள்ளண எங்கை போறாய் எண்டு கேட்டான். நான் சிங்களத்திலை மறுமொழி சொல்ல, எங்கையடி சிங்களம் படிச்சனி எண்டு கன்னத்தைப் பொத்தி ஒண்டு விட்டான். தொழிற்சாலைக்குப் போய்ச் சேர ஆறு பத்து. மனேஜர் மணிக்கூட்டைக் காட்டி, "நேரத்துக்கு வாறதைப் பாக்கிற ஆளே பிந்தி வந்தால் எப்பிடிப் பிள்ளை?" எண்டார்.

அண்டைக்கு முடிவெடுத்தன். நான் இனி நிக்கமாட்டன், எனக்குப் பதிலாக் கொம்பியூட்டர் நிக்கட்டும்.

வழி கன்ரீனிலை கிடந்தது. விடிய எட்டு மணிக்கு எல்லாருக்கும் பேக்கரியிலை வாங்கிற ஒரு பணிசும் தேத்தண்ணியும் குடுப்பினம். ஒவ்வொருத்தருக்கும் நம்பர் குத்தின ஒரு தகரத் துண்டு இருக்கும். அதைப் பெட்டிக்குள்ளை போட்டால்தான் பணிஸ். கார்ட்டும் தகரமும் ஒரே ஆணியிலைதான் தொங்கும். கூட்டாளிக்குக் கார்ட் அடிக்கிறவர் அவரின்ரை தகரத்தையும் எடுத்து ஒரு பணிஸ் கூடத் தின்னலாம், ஆரும் கேக்கமாட்டினம். ஒருத்தரும் தின்னேல்லை! இரண்டு மாதத் தகரக் கணக்கை எடுத்துப் பாத்தன். வராத ஆளின்ரை கார்ட்டைக் கூசாமல் அடிப்பினம், அந்தாளின்ரை சாப்பாட்டிலை கை வைக்கமாட்டினம். எனக்கு அது காணும். கார்ட் அடிச்சிருக்கு, தகரம் விழேல்லை எண்டால் ஆள் வரேல்லை. முப்பது வரிப் புறோகிராம். பின்னேரம் நாலு மணிக்கு ஓட்டினால், "கார்ட் உண்டு, சாப்பாடு இல்லை" எண்டு இங்கிலிசிலை தலைப்புப் போட்டு, கீழை நம்பரும் பேரும் அடிச்சுத் தள்ளும்.

சந்தோசம் எண்டால் அப்பிடி ஒரு சந்தோசம்! விடியவெள்ளண எழும்பத் தேவையில்லை, லைற் கம்பம் பாக்கத் தேவையில்லை, மனேஜரின்ரை மூஞ்சை பாக்கத் தேவையில்லை. அது ஆக்களைப் பிடிச்சுக் குடுக்கும் எண்டு தெரிஞ்சுதான் எழுதினன். மனேஜர் கூப்பிட்டு ஏசுவார், அவ்வளவுதானே எண்டு நினைச்சன். கழுத்திலை மட்டை தொங்கின மனிசனைப் பாத்த அண்டைக்கே அதை எழுதியிருக்கிறன். அந்த நேரம் எனக்கு அது உறைக்கேல்லை.

முதல் கிழமை இருபத்திமூண்டு பேர் பிடிபட்டினம். ஆக்கள் என்னோடை கதைக்கிறதை விட்டிட்டினம். மீனும் நிண்டுபோச்சுது. ஒருத்தர் மட்டும் வழக்கம்போல வந்து பகிடியாச் சொறிவார். நாப்பது வயசு, கலியாணம் கட்டேல்லை, தாயோடை இருக்கிறவர். பெரிய மீசை. எல்லாருக்கும் அவர் மீசை அண்ணை. மயிலிட்டியிலை இருந்து வாற ஒருத்தர் அவருக்கு உயிர்க் கூட்டாளி. இரண்டு பேருக்கும் பக்கத்திலை பக்கத்திலை மெசின். கடலுக்குப் போற நாளிலை மயிலிட்டி அண்ணைக்குக் கார்ட் அடிக்கிறது எப்பவும் மீசை அண்ணைதான்.

"மிஸ், உங்கடை பெட்டி இண்டைக்கு எத்தினை பேரைத் திண்டது?" எண்டு கேட்டுக்கொண்டு வந்து வாசலிலை சாய்ஞ்சு நிப்பார். "பணிஸ் தின்னாததைக் கொண்டு ஆளைப் பிடிக்கிற புத்தி உங்களுக்கு எங்கையிருந்து வந்தது? இனி நான் இரண்டு பணிஸும் தின்னவேணுமோ?"

"தின்னுங்கோவன். ஆர் வேண்டாம் எண்டது?" எண்டன்.

"சீ, அது அவன்ரை சாப்பாடெல்லோ" எண்டார், உண்மையாவே முகம் சுளிச்சு. பிறகு சிரிச்சுக்கொண்டு போயிட்டார்.

ஆவணியிலை ஒரு செவ்வாய்க்கிழமை. காலமை ஒன்பது மணி இருக்கும், கட்டடம் ஒருக்கா எழும்பி இருந்த மாதிரி ஒரு சத்தம். யன்னல் கண்ணாடி எல்லாம் என்ரை மேசையிலை வந்து விழுந்தது. அரை மைல் தள்ளி ஆமி ட்ரக்குக்கு இயக்கப் பொடியள் கண்ணிவெடி வைச்சிட்டினம். பத்து நிமிசத்திலை முகாமிலை இருந்து வந்தவங்கள் றோட்டு வழிய சுட்டுக்கொண்டே வாறாங்கள். கேற்றுக்கு நேரை சைக்கிள் கடை. கடைக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வந்தார். சுட்டாங்கள். கடையைக் கொளுத்தினாங்கள். தேத்தண்ணிக் கடையையும் கொளுத்தினாங்கள். நாங்கள் இருநூறு பேரும் குழாய் அடுக்குக்குப் பின்னாலை வயித்தைத் தரையிலை வைச்சுக் கிடந்தம். மூண்டு மணி மட்டும் சைக்கிள் கடைக்காரர் றோட்டிலை கிடந்தார். முதல் ஒரு மணித்தியாலம் கால் ஆடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு நான் எழும்பிப் போய்ப் புறோகிராமை ஓட்டினன். ஏன் எண்டு கேட்டால் எனக்கு இண்டைக்கும் சொல்லத் தெரியேல்லை. ஏதாவது சரியாச் செய்யவேணும் போலை இருந்தது. ஒரே ஒரு நம்பர்தான் விழுந்தது. மயிலிட்டி அண்ணை. வழக்கம்போலக் கிழிச்சு, மனேஜரின்ரை ஃபைலிலை எல்லாத்துக்கும் மேலை குத்திவைச்சிட்டு வீட்டை போனன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஆமி வந்தது. எல்லாரையும் முத்தத்திலை, வெயிலுக்குள்ளை, முழங்காலிலை இருத்தினாங்கள். மயிலிட்டி அண்ணையும் அண்டைக்கு வேலைக்கு வந்திருந்தார், மீசை அண்ணைக்கு இரண்டு ஆள் தள்ளி. அவங்களின்ரை ஒவிசர் கண்ணாடி போட்ட ஆள், ஆறுதலாக் கதைக்கிறவன். நேற்று ஆர் வேலைக்கு வரேல்லை எண்டு கேட்டான். நான் மொழிபெயர்க்க முதலே மனேஜர், "எல்லாரும் வந்தவை சேர், ஒருத்தரும் வெளியிலை போகேல்லை, இந்தாங்கோ பாருங்கோ" எண்டு இங்கிலிசிலை சொல்லி ஃபைலை நீட்டினார். அந்தாளுக்குத் தன்ரை ஆக்களைக் காப்பாத்துற எண்ணம்தான். திறந்து பாத்திட்டு நீட்டியிருக்கலாம்.

ஒவிசர் மேலை இருந்த பேப்பரைப் படிச்சான். என்னைக் கூப்பிட்டு, இது என்ன எண்டு சிங்களத்திலை கேட்டான்.

"கன்ரீன் கணக்கு சேர்" எண்டன்.

"கார்ட் உண்டு, சாப்பாடு இல்லை. அப்ப வந்திட்டுச் சாப்பிடாமல் இருந்தானோ, வராமலே கார்ட் வந்ததோ?"

"வயித்துக்குச் சரியில்லாமல் இருந்திருக்கும்."

சிரிச்சான். "அப்ப எதுக்கு இப்பிடி ஒரு லிஸ்ற் எடுக்கிறனி?" எண்டான். அவன் அந்தப் பேரைச் சத்தமாப் படிச்சான். மயிலிட்டி அண்ணை எழும்பினார்.

நேற்று ஒன்பது மணிக்கு எங்கை நிண்டவர் எண்டு கேள் எண்டான். கேட்டன். அண்ணை என்ரை முகத்தைப் பாத்து, "மெசினடியிலை" எண்டார். அவர் கடலிலை நிண்டவர் எண்டு எனக்கும் தெரியும், அங்கை முழங்காலிலை நிண்ட எல்லாருக்கும் தெரியும். கடலுக்குப் போகத் தடை. நேவி கண்டால் சுடும். கடல் எண்டு சொன்னாலும் சாவு, சொல்லாட்டிலும் சாவு. "மெசினடியிலை எண்டு சொல்லுறார்" எண்டன். ஒரு ஆமிக்காரன் அடுக்கிலை இருந்து முக்கால் அங்குலக் குழாய் ஒண்டை உருவினான். எங்கடை குழாய். அதை அடிச்சு உடைக்கேலாது எண்டு எங்கடை விளம்பரத்திலை நான்தான் எழுதினனான். முதல் அடி முழங்கையிலை விழுந்தது, கை மற்றப் பக்கம் திரும்பிச்சுது. "திருப்பிக் கேள்" எண்டான் ஒவிசர். கேட்டன். "மெசினடியிலை." காலிலை. திருப்பிக் கேள். கேட்டன். எட்டுத் தரமோ ஒன்பது தரமோ நான் கேட்டன், ஒவ்வொரு தரமும் அடி விழுந்தது. கடைசியிலை அண்ணை மறுமொழி சொல்லேல்லை. மீசை அண்ணை தலையைக் குனிஞ்சு மண்ணைப் பாத்துக்கொண்டு இருந்தார். கையாலை மண்ணைப் பிராண்டிக்கொண்டு இருந்தார்.

ஆளைக் காலிலை இழுத்து ஜீப்பிலை போட்டாங்கள். "நாளைக்கு மத்தியானம் வருவன். உன்ரை மெசினை எனக்குக் காட்டு" எண்டு ஒவிசர் எனக்குச் சொல்லிப்போட்டுப் போனான்.

நான் மனேஜரின்ரை அறைக்குப் போய், உடனை முகாமுக்குப் போய்க் கதையுங்கோ எண்டன். "எனக்குப் பிறஷர் பிள்ளை" எண்டார். மேசையிலை பேப்பர் பறக்காமல் வைச்சிருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கி அலுமாரிக்கு எறிஞ்சன். கண்ணாடி எல்லாம் சிதறிப் போச்சுது. அந்தாள் கதிரையிலை இருந்தபடி அழுதார். நானும் அழுதன். அறுவான் அந்த ஃபைலை நீட்டாமல் இருந்திருந்தால் எண்டு கத்தினன். உண்மையிலை நான் கத்தினது எனக்குத்தான்.

ஒரு வழிதான் இருந்தது. புறோகிராம் பிழை எண்டு காட்டவேணும். மயிலிட்டி அண்ணையின்ரை உயிர் இப்ப அந்த முப்பது வரியிலைதான் இருக்கு எண்டு நினைச்சன். அடுத்த நாள் விடிய ஆருக்கும் முதல் போய், ஒரு வரியிலை ஒரு குறியை மாத்தினன். தகரம் விழாத ஆக்களை எடுக்கிறதுக்குப் பதிலா விழுந்த ஆக்களை எடுக்கும். மீசை அண்ணையின்ரை மெசின் அண்டைக்கு ஓடேல்லை. பயத்திலை வீட்டிலை நிண்டிட்டார் எண்டு நினைச்சன்.

மத்தியானம் ஒவிசர் வந்தான். ஜீப்பின்ரை பின்பக்கம் மயிலிட்டி அண்ணை கிடந்தார். உயிரோடை! நான் செவ்வாய்க்கிழமைக் கணக்கைப் போட்டு ஓட்டினன். பிரின்ரர் அடிக்கத் தொடங்கிச்சுது, நிக்கேல்லை. பேப்பர் மேசையாலை வழிஞ்சு நிலத்திலை சுருண்டுது. இருநூறு பேருக்குக் கிட்ட. அதுக்குள்ளை மனேஜரின்ரை பேர். என்ரை பேர்.

"சேர், இந்த மெசின் பேய்க்கதை கதைக்குது. நான் பிழையா எழுதிப்போட்டன். எனக்கு இந்த வேலை வடிவாத் தெரியாது" எண்டன். என்ரை வாயாலை அதைச் சொல்ல நான் பட்ட பாடு! அடி வாங்கினாலும் அப்பிடிச் சொல்லாத ஆள் நான்.

அவன் பேப்பரை வடிவாப் பாத்தான். தன்ரை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். பிறகு என்ரை காதைப் பொத்தி அடிச்சான். கதிரையோடை போய் விழுந்தன். அந்தக் காது இப்பவும் சரியாக் கேக்காது. விழுந்து கிடக்கேக்கை எனக்குச் சிரிப்பு வந்தது, வெண்டிட்டன் எண்டு. வெளியிலை மயிலிட்டி அண்ணையை ஜீப்பாலை உதைஞ்சு விழுத்திப்போட்டுப் போயிட்டாங்கள்.

நாங்கள் வானிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். இரண்டு கையும் முறிவு, விலா எலும்பு முறிவு, நகம் ஒண்டும் இல்லை. பின்னேரம் கட்டிலடியிலை நான் தனிய இருக்கேக்கை கண்ணைத் திறந்தார். "இனிப் பயமில்லை அண்ணை, புறோகிராம் பிழை எண்டு காட்டிப்போட்டன், நம்பிட்டாங்கள்" எண்டன். என்ரை கெட்டித்தனத்தைச் சொல்லாமல் என்னாலை இருக்க முடியேல்லை.

அவர் தலையை ஆட்டினார், இல்லை எண்டு.

"நேற்றே என்னை விடுறம் எண்டிட்டாங்கள் மிஸ். வெடி வைச்சவங்களிலை ஒரு பேர் சொல்லு, விடுறம் எண்டாங்கள். எனக்கு ஒருத்தரின்ரை பேரும் தெரியாது. வாயிலை அவன்ரை பேர்தான் வந்தது."

"ஆற்றை பேர்?"

கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்டிருக்கத் தேவையில்லை. எத்தினை வருசமா அவருக்குக் கார்ட் அடிச்ச ஆள்! செவ்வாய்க்கிழமையும் அடிச்சுப்போட்டு, பணிஸைத் தொடாமல் விட்ட ஆள். அந்தப் பணிஸைத் திண்டிருந்தால் ஒண்டும் இல்லை.

ஆஸ்பத்திரியாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு மீசை அண்ணை வீட்டை ஓடினன். படலை பிடுங்கிக் கிடந்தது. விடிய நாலு மணிக்கு வந்து ஆளைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களாம். நான் குறியை மாத்திக்கொண்டிருக்கேக்கை அவர் முகாமுக்குள்ளை. ஒவிசர் என்ரை மெசினைப் பாக்க வந்தது சும்மா வேடிக்கை பாக்க. நான் பிழையாக் காட்டியிருந்தாலும் சரியாக் காட்டியிருந்தாலும் மயிலிட்டி அண்ணையை விட்டிருப்பான். அவனுக்கு வேண்டின பேர் கிடைச்சிட்டுது.

அந்தப் புறோகிராம் இருந்த பிளொப்பித் தட்டைக் கத்தரிக்கோலாலை வெட்டி எறிஞ்சன். மனேஜர் ஒண்டும் ஏசேல்லை. இரண்டு கிழமை கழிச்சு மெல்லமா வந்து, "புறோகிராம் பிழைதானே, அப்ப திரும்ப மணிக்கூட்டடியிலை நில்லுமன்" எண்டார். நிண்டன். ஆர் ஆற்றை கார்ட்டை அடிச்சாலும் நான் பாக்கேல்லை. மயிலிட்டி அண்ணை கை பொருந்தாமலே வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போயிட்டார்.

மீசை அண்ணையின்ரை அம்மா மூண்டாம் நாளே கேற்றுக்கு வந்திட்டா. "சிங்களம் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு இஞ்சை இருக்காம்" எண்டு என்னை விசாரிச்சுக்கொண்டு. ஒருத்தரும் அவவுக்கு அந்தப் பேப்பரைப் பற்றிச் சொல்லேல்லை. என்னிலை இரக்கப்பட்டோ, அவவிலை இரக்கப்பட்டோ தெரியேல்லை. நான் மனேஜரட்டைக் கேக்காமல் கந்தோரைப் பூட்டிப்போட்டு அவவோடை முகாமுக்குப் போனன். அடுத்த நாளும் போனன். புரட்டாதி, ஐப்பசி முழுக்கப் போனன். வாசலிலை நிண்டு கத்துவாங்கள், துவக்கை நீட்டுவாங்கள், ஒருக்கா ஒருத்தன் தள்ளிவிட, மனிசிக்கு நெத்தி வெடிச்சுது. துடைச்சுப்போட்டு, "கேள் பிள்ளை" எண்டா.

கார்த்திகையிலை ஒரு நாள் மழை. அண்டைக்கு அந்தக் கண்ணாடி போட்ட ஒவிசரே வாசலுக்கு வந்தான். என்னை அடையாளம் கண்டிட்டான். நான் மனிசியின்ரை கேள்வியைச் சிங்களத்திலை சொன்னன்: என்ரை மோன் எங்கை, உயிரோடை இருக்கோ, செத்திட்டான் எண்டால் உடம்பையாவது தாங்கோ.

அவன் ஆறுதலாக் கதைச்சான். "அப்பிடி ஒருத்தன் எங்களட்டை இல்லை. இருந்திருந்தாலும் அதைத் துவக்கினது நானில்லை. அண்டைக்கு அந்த ஃபைலைத் திறக்க முதல் எனக்கு இந்தத் தொழிற்சாலையிலை ஒருத்தன்ரை பேரும் தெரியாது. முதல் பேரைத் தந்தது உன்ரை பேப்பர். அந்தப் பேர் அடுத்த பேரைத் தந்தது. இவவுக்கு ஆரையாவது கேக்கவேணும் எண்டால் பக்கத்திலை நிக்கிற உன்னைக் கேக்கச் சொல்லு. நான் சொன்னதை அப்பிடியே சொல்லு, ஒரு சொல்லும் விடாமல்."

மனிசி என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிண்டா. மழை அவவின்ரை நெத்திக் காயத்தாலை வழிஞ்சுது.

"இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லையாம் அம்மா" எண்டன்.

"உவ்வளவு நேரம் கதைச்சான். நீ என்ன பிள்ளை இவ்வளவு கட்டையாச் சொல்லுறாய்?"

"அவ்வளவுதான் அம்மா சொன்னவர்."

மனிசி என்ரை முகத்தைப் பாத்தா. பிறகு சீலைத் தலைப்பைப் பிழிஞ்சு என்ரை தலையைத் துவட்டிவிட்டு, "நாளைக்கும் வருவியே பிள்ளை?" எண்டா.

"ஓம் அம்மா, வாறன்" எண்டன்.